மூடி இறங்கும் சத்தம்

ஆடி மாதத்து மழை தொப்பிப்பாறையைப் பிடித்த பிடி விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், செசிலி தன் சமையலறை அலமாரியிலிருந்து பிளம்ஸ் பாட்டில் ஒன்றை எடுத்து மூடியைத் திருகியபோது, பழத்துக்கு முன்னால் வெயில் வெளியே வந்தது. வைகாசி மாதத்து வெயில். அந்தப் பாட்டிலுக்கு மூடி போட்ட அன்றைக்கு மலைமேல் எப்படி அடித்ததோ அப்படியே, மஞ்சளாக, இளஞ்சூடாக, சமையலறையை நிறைத்து, ஜன்னல் வழியே வழிந்து, முற்றத்துச் சேற்றின்மேல் போய் விழுந்தது. அதன் பின்னாலேயே அன்றைக்குக் கொண்டை ஊசி வளைவில் ஏறிய லாரியின் ஹாரனும், எங்கோ ஒரு குழந்தையின் அழுகையும், செசிலியின் கணவன் சூசை சுருதி சேராமல் அடித்த விசிலும், ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி வெளியே வந்தன. துவைத்த துணி காயாமல் வாளியோடு நின்ற எதிர்வீட்டு ராயம்மா அந்த வெயிலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"செசிலி, இது எவ்வளவு நேரம் அடிக்கும்? கம்பளி ஒண்ணு கிடக்கு, கொண்டாரட்டுமா?"

"கொண்டாங்கக்கா. பழம் தீர்ற வரைக்கும் அடிக்கும்னு நினைக்கிறேன்."

"அப்ப மெதுவாத் தின்னு."

தொப்பிப்பாறை பட்ட ஆச்சரியம் அவ்வளவுதான்.

அந்த வெயில் ஃபிலோமினாவின் பக்கம் வரவில்லை. ஒரே ஓட்டுக்கூரையின் கீழே, நடுவில் ஒரு செங்கல் சுவரால் பிரிந்த இரண்டு வீடுகள் அவை. அண்ணன் இஞ்ஞாசிக்கு ஒன்று, தம்பி சூசைக்கு ஒன்று. ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த இஞ்ஞாசி போன மார்கழியில் நெஞ்சுவலியில் போய்விட்டார். அவர் மனைவி ஃபிலோமினா தன் பக்கத்து ஜன்னலில் நின்று, தன் ஈரச் சேலைக்குக் கை எட்டும் தூரத்தில், ஓர்ப்படியாளின் வாசலில் வெயில் அடிப்பதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன் அலமாரியைத் திறந்து, அதே வைகாசியில், அதே மரத்துப் பழத்தில், தன் கையால் போட்ட பாட்டில் ஒன்றை எடுத்துத் திருகினாள். அடைத்த அறையின் புழுக்கம் லேசாக வந்தது. அதற்குப் பிறகு நிசப்தம். பிளம்ஸ் இருந்தது. நல்ல பிளம்ஸ், ஊரிலேயே நல்ல பிளம்ஸ், அதைத் தவிர ஒன்றுமில்லை.

பாட்டிலில் பழம் போடுவதை அந்த ஊருக்குக் கொண்டுவந்தவளே அவள்தான். கல்யாணமான புதிதில் அடிவாரத்துக்குப் போய்ப் பழம் பதனிடும் பயிற்சியில் உட்கார்ந்துவிட்டு, பெரிய அலுமினிய அண்டா ஒன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கியவள். அதுவரை மரத்தடியில் அழுகி ஈ மொய்த்துக் கிடந்த பழத்தையெல்லாம் கண்ணாடிக்குள் ஏற்றி வைக்க அவள்தான் வீடு வீடாகச் சொல்லிக்கொடுத்தாள். பாட்டிலைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுக்கணும், அண்டாவின் அடியில் துணி விரிக்கணும், பழத்தையும் பாகையும் கழுத்து முட்ட நிரப்பாமல் விரல் அகலம் இடம் விடணும், வாய் விளிம்பைத் துடைக்கணும், ஒரு சொட்டுப் பாகு ஒட்டியிருந்தாலும் மூடி பிடிக்காது. மூடிக்கு மேலே தண்ணீர் நிற்க வேகவைக்கணும், இறக்கிய பின் தொடாமல் ஆற விடணும். ஆறுகையில் மூடியின் நடு வயிறு 'டொக்'கென்று உள்ளே இறங்கும். அந்தச் சத்தம் கேட்டுவிட்டால் காற்று போய்விட்டது, பழம் பிழைத்துவிட்டது.

இவற்றுக்கெல்லாம் மேலே தனக்கென்று ஒரு விதி வைத்திருந்தாள். பாட்டில் போடும்போது சமையலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். பேச்சிருந்தால் எச்சில் தெறிக்கும், ஆள் வந்தால் தூசி வரும், ஜன்னல் திறந்தால் பூஞ்சைக்கு வழி. இஞ்ஞாசி டீக்கு வந்தாலும் கதவுக்கு வெளியே கிடக்கும் மரபெஞ்சில்தான் உட்கார வேண்டும். "உள்ள பூசை நடக்குது" என்பார் வருகிறவர்களிடம். கணக்கில்லாத வருஷங்கள் அப்படி உட்கார்ந்திருந்தார்.

யார் வீட்டு மூடியில் சந்தேகம் வந்தாலும் அவளிடம்தான் எடுத்து வருவார்கள். கட்டைவிரலால் ஒரு அழுத்து. அசையாமல் இருந்தால் "சாப்பிடு." அமுங்கி எழுந்தால் "கொட்டு." மூடி டீச்சர் என்று ஊரில் பேர். செசிலி வாழ வந்தபோது அவளுக்கும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். செசிலி எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள், தாழ்ப்பாளைத் தவிர. அவள் அடுப்படியில் ரேடியோ பாடும், கோழி நடக்கும், போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் ஒரு வாய் கதை சொல்லிவிட்டுப் போவார்கள், அந்தச் சந்தடிக்கு நடுவில் அவள் மூடியைத் திருகிக்கொண்டிருப்பாள்.

மழை விடுவதற்குள் ஊர் அந்த வெயிலுக்குப் பழகிவிட்டது. தெருவுக்கு ஒரு முறை வைத்துத் துணி காயப்போட்டார்கள். துபாய்க்கு வேலைக்குப் போகிற பையன்கள் கிளம்புகிற வாரத்தில் செசிலியின் அடுப்படியில் வந்து உட்கார்ந்து, அவள் மூடி போட்டு முடிக்கும்வரை வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டு, அந்தப் பாட்டிலை அம்மாவிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார்கள். அந்த அம்மாக்கள் அதை நாளைக்கொரு கரண்டியாக எடுத்தார்கள். செசிலியும் சூசையும் சண்டை போட்ட நாளில் போட்ட பேரிக்காய் பாட்டில் ஒன்று தெரியாமல் ஒரு கல்யாண வீட்டுக்குச் சீராகப் போய், முதல் விருந்திலேயே திறந்து, முழுச் சண்டையும் பந்தியில் நடந்தது. புதுப்பெண் மட்டும் "நல்ல சண்டை, நாலு வார்த்தை கத்துக்கிட்டேன்" என்றாள். பங்குச் சாமியார் பிரசங்க நேரத்தில் யாரும் மூடி போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "ஒரு பிரசங்கத்தை ரெண்டு தடவை கேக்கிற கஷ்டம் உங்களுக்கு எதுக்கு?" யாரும் ஏன், எப்படி என்று கேட்கவில்லை. மேகம் கதவைத் திறந்து உள்ளே வந்து கட்டிலில் படுத்திருந்துவிட்டுப் போவதை ஏன் என்று கேட்காத ஜனங்கள் அவர்கள்.

ஃபிலோமினாவின் வாசலுக்கு இப்போது யாரும் வருவதில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்துச் சிரிப்பையும் பேச்சையும் கேட்டபடி அவள் ஒற்றையாளுக்குச் சோறு வடித்தாள். பொறாமை நல்ல புளிப்புள்ள பண்டம். பாகு வேண்டாம், கொதி வேண்டாம், நெஞ்சின் எந்த மூலையில் எத்தனை நாள் வைத்தாலும் கெடாமல் இருக்கும். எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அன்றைக்குப் போட்டது போலவே இருக்கும்.

ஆவணியில் ஒரு நாள் செசிலி ஒரு பிளம்ஸ் பாட்டிலை எடுத்து வந்தாள். "அக்கா, இந்த மூடியைக் கொஞ்சம் பாருங்களேன். எனக்கு என்னமோ சந்தேகமா இருக்கு."

ஃபிலோமினா கட்டைவிரலை வைத்தாள். மூடி இறங்கியிருந்தது, கல் மாதிரி. "பிடிக்கலை," என்றாள். "கொட்டிரு."

செசிலி கொண்டுபோய்க் குப்பைமேட்டில் கொட்டினாள். அந்தக் குப்பைமேட்டின்மேல் அன்றைக்குப் பொழுது சாயும்வரை வைகாசி மாதத்து மத்தியானம் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. பட்டாம்பூச்சிகள் வந்தன. ஊர்க் கோழியெல்லாம் அதில் இறக்கையை விரித்துப் படுத்துக்கொண்டன. ராயம்மா இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள்.

"கெட்டுப்போன வெயிலு மாதிரி தெரியலையே, டீச்சர்."

அதன் பிறகு யாரும் அவளிடம் மூடி காட்டவில்லை.

கார்த்திகை முடிகிற சமயத்தில், இஞ்ஞாசி இறந்த முதலாண்டுத் திருப்பலிப் பூசைக்கு நாள் குறித்திருந்தபோது, செசிலி இரண்டு கையாலும் ஒரு பாட்டிலை ஏந்திக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"அக்கா, அலமாரிக்குப் பின்னால கிடந்துச்சு. போன வருஷத்துப் பட்டர் பீன்ஸ். அன்னைக்குப் பெரியத்தான் எங்க அடுப்படியில உக்காந்துதான் உரிச்சுக் கொடுத்தாங்க. ஒரே சிரிப்பு."

ஃபிலோமினா பாட்டிலை வாங்கக் கை நீட்டவில்லை. "எதுக்குச் சிரிச்சாரு?"

"நெசமா ஞாபகம் இல்லக்கா. என்னமோ சொன்னாங்க, சிரிச்சோம்."

என்னைப் பற்றித்தான் சொல்லியிருப்பார், என்று ஃபிலோமினா நினைத்தாள். என்னைப் பற்றித்தான் சிரித்திருப்பார்கள். என் வீட்டில் நான் அவரை எங்கே சிரிக்க விட்டேன்? என் பாட்டில்களில் அவர் எப்படி இருப்பார், நான்தான் அவரை வெளியே நிறுத்தியிருந்தேனே. அவர் இருந்த கடைசிப் பருவத்தில் அவள் போட்ட பேரிக்காய் பாட்டில் ஒன்று அலமாரியின் மேல்தட்டில் இன்னும் இருந்தது. அதை அவள் திறக்கவில்லை. அதிலும் அவர் இல்லை என்பதைக் காதால் வேறு கேட்க வேண்டுமா?

சாயங்காலத்துக்குள் செய்தி பரவிவிட்டது. இஞ்ஞாசி சிரித்தால் ஜீப்பின் பின்சீட்டில் இருப்பவர்களும் காரணம் தெரியாமல் சிரிப்பார்கள், அப்படிப்பட்ட சிரிப்பு. பூசை முடிந்து சாப்பாட்டில் எல்லாரும் கூடியிருக்கும்போது பாட்டிலைத் திறப்பது, பீன்ஸைக் குருமாவில் போட்டு ஆளுக்கொரு வாய் கொடுப்பது என்று சூசை முடிவு செய்தான். "எங்கண்ணன் சிரிப்பைக் கேட்டு ஒரு வருஷமாச்சு" என்றான்.

செசிலியின் முற்றத்தில் எல்லாரும் கூடி நிற்க, ஃபிலோமினா பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். தண்ணீர் கலங்கியிருந்தது. ஊசிமுனைக் குமிழிகள் அடியிலிருந்து ஏறின. கட்டைவிரலை வைத்தாள். மூடி அமுங்கி, 'டிக்'கென்று எழுந்தது.

"இதை யாரும் திறக்கக் கூடாது," என்றாள். "உப்பியிருக்கு. செசிலி, பீன்ஸைப் பாட்டில்ல போடாதேன்னு எத்தனை தடவை சொன்னேன்? பிளம்ஸுல புளிப்பு இருக்கு, அதுக்கு வெறும் கொதித் தண்ணி போதும். பீன்ஸுல புளிப்பே கிடையாது. அதுக்கு அழுத்தத்துல வேகவைக்கிற பெரிய பாத்திரம் வேணும், அது நம்ம ஊர்லயே இல்ல."

"மூடி டொக்குனு இறங்குச்சேக்கா."

"இறங்கும்டி. இந்த விஷத்துக்குக் காத்து வேண்டாம். காத்தில்லாத எடத்துலதான் அது வளரும். நாக்கு நுனியில பட்டாலே போதும், மூச்சு நின்னுரும்."

"திங்க வேண்டாம் மதினி," என்றான் சூசை. "திறந்து கேட்டுட்டுக் கொட்டிருவோம்."

"திறந்தா பீச்சி அடிக்கும். சுத்தி நிக்கிற பிள்ளைங்க கையில பட்டது வாய்க்குப் போக எவ்வளவு நேரமாகும்? குழி தோண்டிப் புதைக்கணும். மூடியோட."

ராயம்மா, "அன்னைக்கு அந்தப் பிளம்ஸும் பிடிக்கலைன்னுதான சொன்னீங்க, டீச்சர்?" என்றாள்.

பின்னாலிருந்து யாரோ, "வயித்தெரிச்சல்" என்றார்கள். மெதுவாகச் சொன்னதாக நினைப்பு. சூசை பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

அன்று அவள் வீட்டுக்கு வந்து தன் அலமாரியில் இருந்த ஒவ்வொரு மூடியையும் அழுத்திப் பார்த்தாள், பாட்டிலைச் சோதிக்க அல்ல, விரலைச் சோதிக்க. விரல் பொய் சொல்லவில்லை. அந்தப் பாட்டில் கெட்டதுதான். ஆனால் மூடி எழுந்த அந்த நொடியில் தனக்குள் ஒரு சந்தோஷமும் எழுந்ததே, அதை அவளால் மறக்க முடியவில்லை. ஊர் சொன்னதும் உண்மை, அவள் சொன்னதும் உண்மை. இரண்டும் ஒரே பாட்டிலுக்குள் கிடந்தன.

ஆண்டுத் திருப்பலி அன்று காலை, கோயிலில் சுவிசேஷம் வாசிக்க எல்லாரும் எழுந்து நின்றபோது, முதல் வரிசையில் இருந்த ஃபிலோமினா பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே நடந்தாள். செசிலியின் அடுப்படி எப்போதும்போலத் திறந்துகிடந்தது. மேசைமேல், கழுத்தில் ஒரு முழம் மல்லிகையோடு, பாட்டில் இருந்தது. அதைச் சேலைக்குள் அணைத்து, தன் வீட்டிலிருந்து மண்வெட்டியும் பிளீச்சிங் பவுடரும் எடுத்துக்கொண்டு பிளம்ஸ் தோப்புக்குப் போனாள்.

மரத்தடியில் உட்கார்ந்து பாட்டிலைக் காதோடு வைத்தாள். கண்ணாடிக்குள்ளே, சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவதுபோல, அவர் இருந்தார். சொற்கள் புரியவில்லை. சிரிப்பு புரிந்தது. இப்போது திறந்தால் அவள் ஒருத்திக்கு மட்டும் கேட்கும். ஊருக்குக் கிடைக்காது, செசிலிக்கும் கிடைக்காது, முழுச் சிரிப்பும் அவளுக்கே. பீச்சி அடித்தால் அவள் கையில்தானே படும், பட்டால்தான் என்ன? விரல்கள் மூடியைச் சுற்றி வளைந்தன. நெடுநேரம் அப்படியே இருந்தாள். பக்கத்தில் செசிலியின் கோழி ஒன்று மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. கீழே ஊர் குடிக்கிற ஓடை போனது. பூசை முடிந்ததும் பிள்ளைகள் இந்தத் தோப்புக்குத்தான் ஓடி வரும்.

பாட்டிலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஓடைக்குத் தள்ளி மேட்டில், கை வலிக்கும்வரை தோண்டிய குழியில் வைத்து, பிளீச்சிங் பவுடரைக் கொட்டி, மண்ணைத் தள்ளி, மேலே கல் அடுக்கினாள். மல்லிகையை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டாள்.

பந்தியில் இலை போட்டிருந்தபோது அவள் போய்ச் சொன்னாள். சூசை எழுந்து நின்றான்.

"எங்கண்ணனை ரெண்டாவது தடவையும் புதைச்சுட்டீங்க, மதினி."

செசிலி எழுந்து வீட்டுக்குப் போனாள். அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்படிக் கதவு சாத்தப்படுவதும், தாழ்ப்பாள் விழுவதும் ஃபிலோமினாவுக்குக் கேட்டது. அந்த வீட்டில் தாழ்ப்பாள் விழுந்து அவள் கேட்டதே இல்லை. கிறிஸ்துமஸ் வந்தது, சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோ பாடவில்லை.

தை பிறந்து, ஊரே தோப்பில் பிளம்ஸ் மரங்களுக்குக் கிளை கழித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், மேட்டுப் பக்கம் மண்ணுக்கடியில் 'தொம்'மென்று ஒன்று வெடித்தது. அடுக்கிய கற்கள் உருண்டன. முதலில் வந்தது நாற்றம். செத்த எலியும் சாக்கடையும் சேர்ந்ததுபோல் ஒரு நாற்றம். பெண்கள் முந்தானையை மூக்கில் அமுக்கிக்கொண்டார்கள், சூசை குமட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அதன் பின்னால், பீன்ஸ் தோல் உரியும் சத்தத்தோடு, மண்ணிலிருந்து செசிலியின் போன வருஷத்துக் குரல் வந்தது.

"அக்கா என்ன பண்றாங்க, பெரியத்தான்?"

"கதவைச் சாத்திட்டா. பேரிக்காய் போடுறா."

இஞ்ஞாசியின் குரல். கையில் அரிவாளோடு இருந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

"பாவம், டீ கூடக் கிடைக்காம இங்க வந்துட்டீங்க."

"டீக்கு வரல புள்ள. அண்டா கொதிக்கிற வரைக்கும் அங்க என்ன வேலை? இறக்குற நேரத்துக்குப் போய் பெஞ்சுல உக்காந்துக்குவேன். ஆறும்போது மூடி ஒண்ணொண்ணா டொக்கு டொக்குனு இறங்கும்ல? ஒவ்வொரு டொக்குக்கும் உள்ள உங்கக்கா சிரிப்பா. களுக்குனு, சின்னப் புள்ள கணக்கா. வெளிய வந்தா அந்தச் சிரிப்பைக் காட்டவே மாட்டா. யாருக்கும் கேக்கலைன்னு நினைச்சுக்கிட்டிருக்கா. நீ சொல்லிராத, சொன்னா நிறுத்திருவா."

பிறகு அவர் சிரித்தார். செசிலியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நாற்றத்தோடு நாற்றமாகத் தோப்பு முழுக்க உருண்டு, கழித்த கிளைகளுக்கு நடுவில் போய், ஓடைப் பக்கம் இறங்கித் தேய்ந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லாரும் சிரித்தார்கள், அழுதார்கள்.

"சிரிப்பு நல்லாத்தான் இருக்கு," என்றாள் ராயம்மா முந்தானைக்குள்ளிருந்து. "நாத்தம்தான் குடலைப் பிடுங்குது. இதையா குருமாவுல போடப் பாத்தீங்க? டீச்சர் விரலு பொய் சொல்லலப்பா. கோழியை விரட்டுங்க, பவுடரை எடுத்துட்டு வாங்க."

பவுடர் வந்தபோது டீச்சர் அங்கே இல்லை.

ஃபிலோமினா தன் சமையலறைக்குள் நுழைந்து, பழக்கத்தில் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, மேல்தட்டிலிருந்த பேரிக்காய் பாட்டிலை இறக்கினாள். கட்டைவிரலை வைத்தாள். கல் மாதிரி இருந்தது. திருகினாள்.

புழுக்கம் வந்தது. ஆவி வந்தது. அடைத்த அறையின் நிசப்தம் வந்தது. அவள் இந்தமுறை பாட்டிலைக் கீழே வைக்காமல் பொறுத்திருந்தாள். டொக். உடனே யாரோ ஒரு பெண் சிரித்தாள், களுக்கென்று, ஒரு கவலையும் இல்லாதவள் சிரிப்பதுபோல. ஃபிலோமினாவின் நெஞ்சில் பழைய நெருப்பு குப்பென்று பற்றியது. யாரிவள், என் அடுப்படிக்குள், என் புருஷன் வாசலில் இருக்கும்போது, இப்படிச் சிரிக்கிறவள்? இன்னொரு டொக். இன்னொரு களுக். அப்புறம்தான் அந்தப் பெண்ணை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. தெரிந்த பிறகும் அவள்மேல் பொறாமையாகத்தான் இருந்தது, முன்னைவிட அதிகமாகவே.

கதவுக்கு வெளியே பெஞ்சு கிறீச்சிட்டது. அவர் உட்கார்ந்திருந்தார். சிரிப்பை அடக்க மூக்கால் மூச்சு விடும் சத்தம் பாட்டிலுக்குள்ளிருந்து மெல்ல வந்து கன்னத்தில் பட்டது.

"அக்கா."

இது பாட்டிலிலிருந்து வரவில்லை. கதவை யாரோ தட்டினார்கள்.

"அக்கா, நான்தான் செசிலி. எனக்கு நெசமாவே ஞாபகம் இல்லக்கா, இப்பக் கேட்டுத்தான் தெரிஞ்சது. உள்ள வரவா?"

ஃபிலோமினா தாழ்ப்பாளைப் பார்த்தாள். கை அதுவரை போய் நின்றது. ஊருக்கே வெயிலும் பேச்சும் அள்ளிக்கொடுத்தவள் வெளியே நின்றாள். உள்ளே, யாருக்கும் கொடுக்க மனசு வராத ஒன்று, வாழ்நாளில் முதல்முறையாக இவளிடம் இருந்தது.

"கொஞ்சம் பொறுடி," என்றாள். "இன்னும் ஒண்ணு ரெண்டு மூடி இறங்கணும்."

"சரிக்கா."

டொக். இரண்டு ஃபிலோமினாக்கள் சேர்ந்து சிரித்தார்கள். வெளியே பெஞ்சு கிறீச்சிட்டது, யாரோ சிரிப்பை அடக்கி மூக்கால் மூச்சு விட்டார்கள். பாட்டிலுக்குள்ளிருந்த பெஞ்சா, வாசலில் கிடந்த பெஞ்சா என்று அவள் பிரித்துப் பார்க்கவில்லை.